பிசினஸ் – எச்.ஆர். பட்டப்படிப்பு: படித்து முடித்த ஒருத்தியின் விமர்சனம்

பல்கலைக்கழகத்தில் வணிகமும் மனிதவள மேலாண்மையும் சேர்ந்த பட்டப்படிப்பை முடித்துவிட்டு, இப்போது நடுத்தர அளவிலான நிறுவனம் ஒன்றின் எச்.ஆர். பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆட்சேர்ப்பு, சம்பளப் பட்டியல், குறைதீர்ப்பு என்று எல்லாமே என் மேசைக்கு வரும். இந்தப் படிப்பில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் துண்டு துண்டாகப் பதில் சொல்லி வந்தேன். முழுதாக எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேரலாம். 5-க்கு 4 கொடுப்பேன். ஆனால் அந்த 4-இல் பெரும்பங்கு, பலரும் பல்லைக் கடித்துக்கொண்டு கடக்கிற வணிகப் பாதிக்குத்தான். மனிதவளப் பாதி மட்டும் தனியாக நின்றிருந்தால் 2 கொடுத்திருப்பேன். கணக்கு, புள்ளியியல், சட்டம் மூன்றும் தெரியாமல் இந்த வேலைக்கு வந்தால், ஊழியருக்காகப் பேச வேண்டிய இடத்தில் நமக்கு வாய் இருக்கும், கேட்க ஆள் இருக்காது.

“எனக்கு மனிதர்களோடு பழகப் பிடிக்கும், அதனால்தான் எச்.ஆர்.” என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் என் வகுப்பில் நிறையப் பேர். முதல் செமஸ்டர் அட்டவணை கைக்கு வந்ததும் பல முகங்கள் வாடிப்போயின. நிதிக் கணக்கியல், பொருளியல், புள்ளியியல், சந்தைப்படுத்தல், வணிகச் சட்டம், இவற்றோடு மனிதவளம் என்ற பெயரில் ஒரே ஒரு அறிமுகப் பாடம். இரண்டு பேர் அந்த மாதமே வேறு துறைக்கு மாறிப் போனார்கள். எனக்கு அந்த அட்டவணைதான் பிடித்திருந்தது. ஒரு நிறுவனம் எதை விற்று, எப்படிச் சம்பாதித்து, எதில் நஷ்டப்படுகிறது என்று தெரியாமல் அதில் வேலை செய்கிற மனிதர்களைப் பற்றி என்ன முடிவு எடுக்க முடியும்?

கணக்கியலில் ஒரு வகுப்பு அப்படியே நினைவில் நிற்கிறது. ஆசிரியர் ஒரு நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கையும் இருப்புநிலைக் குறிப்பையும் எங்களிடம் கொடுத்து, “இங்கே வேலை செய்கிற ஆட்களை இதில் கண்டுபிடியுங்கள்” என்றார். லாப நட்டக் கணக்கில் இருந்தார்கள், ஊதியச் செலவு என்ற ஒரு வரியாக. இருப்புநிலைக் குறிப்பில் கட்டடம் இருந்தது, இயந்திரம் இருந்தது, சரக்கு இருந்தது, வாங்கிய மென்பொருள்கூட இருந்தது. ஆட்கள் இல்லை. சர்வதேசக் கணக்கியல் தரநிலை 38-இன்படி பயிற்சிக்குச் செலவழிக்கும் பணத்தைச் சொத்தாகக் காட்ட முடியாது, செலவான ஆண்டிலேயே செலவாக எழுதிவிட வேண்டும். ஒன்றைச் சொத்து என்று காட்ட வேண்டுமானால் அதிலிருந்து வரும் பயன் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆள் நாளைக்கே ராஜினாமா கடிதம் கொடுக்கலாம், இயந்திரம் கொடுக்காது. விதியின் நியாயம் அவ்வளவுதான்.

அதன் விளைவைத்தான் நான் இப்போது ஒவ்வொரு ஆண்டும் நேரில் பார்க்கிறேன். இயந்திரம் வாங்கினால் அதன் விலை பல ஆண்டுகளுக்குத் தேய்மானமாகப் பிரிந்து போகும். பயிற்சிக்குக் கொடுத்தால் முழுத் தொகையும் இந்த ஆண்டு லாபத்தைக் கடிக்கும். லாபம் குறையும் ஆண்டில் முதல் வெட்டு பயிற்சிக்கு விழுவது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் அல்ல. கணக்கு எழுதும் முறையே அந்தப் பக்கம் தள்ளுகிறது. இது தெரிந்திருப்பதால், பட்ஜெட் கூட்டத்தில் “மனிதர்கள்தான் நம் சொத்து” என்ற வாக்கியத்தை நான் சொல்வதே இல்லை. நிதிப் பிரிவுக்காரர் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அதற்குப் பதிலாக, ஒருவர் விலகினால் ஆகும் செலவைத் தனித்தனியாகப் போட்டுக் கொண்டுபோகிறேன்: விளம்பரச் செலவு, நேர்காணலில் மேலாளர்கள் உட்காரும் நேரம், புதியவர் வேலை பிடிபடும்வரை குறைவாக வரும் உற்பத்தி, அதுவரை மற்றவர்கள் பார்க்கிற ஓவர்டைம். அந்தத் தாளை அவர் வாங்கிப் படிக்கிறார்.

புள்ளியியலும் அப்படித்தான். பணிவிலகல் விகிதம் எல்லா மனிதவளப் பாடத்திலும் வரும். ஓர் ஆண்டில் விலகியவர்களின் எண்ணிக்கையைச் சராசரி ஊழியர் எண்ணிக்கையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் முடிந்தது. 100 பேர் வேலை செய்யும் இடத்தில் 20 பேர் போனால் 20 சதவீதம். மனிதவள வகுப்பு அதோடு நின்றது. புள்ளியியல் ஆசிரியர் அதே எண்ணை எடுத்துப் பிரிக்கச் சொன்னார். அவர் கொடுத்த தரவில் அந்த 20 பேரில் பெரும்பாலானோர் ஒரே பிரிவு, சேர்ந்த ஆறு மாதத்துக்குள் போனவர்கள். மற்ற பிரிவுகளில் ஆட்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். நிறுவனம் முழுக்கச் சம்பளத்தை ஏற்றினாலும் இது தீராது. அந்த ஒரு பிரிவில் ஆள் எடுக்கும்போது வேலையைப் பற்றி என்ன சொல்லி எடுக்கிறார்கள், முதல் மாதத்தில் யார் அவர்களைப் பார்த்துக்கொள்கிறார் என்று போய்க் கேட்க வேண்டும். சராசரி என்ற ஒற்றை எண்ணுக்குப் பின்னால் எத்தனை கதை மறையும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதே ஆசிரியர்தான் மார்க் ஹியூஸ்லிட் 1995-இல் வெளியிட்ட ஆய்வை வகுப்புக்குக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட ஆயிரம் அமெரிக்க நிறுவனங்களின் மனிதவள நடைமுறைகளையும் அவற்றின் பணிவிலகல், உற்பத்தித்திறன், லாபம் ஆகியவற்றையும் பொருத்திப் பார்த்த ஆய்வு அது. எச்.ஆர். உலகத்தில் இதற்குப் பெரிய மரியாதை உண்டு. நல்ல மனிதவள நடைமுறை இருந்தால் லாபம் வரும் என்பதற்கு இதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆசிரியர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “லாபம் வருகிற நிறுவனத்துக்குத்தான் நல்ல நடைமுறை வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது என்றும் இதைப் படிக்கலாமே?” அன்று வகுப்பு முடிந்த பிறகும் நாங்கள் வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். ஒரு பல்கலைக்கழகப் படிப்பு செய்ய வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, மனிதவளப் பாடங்களுக்கு வருகிறேன்.

மனிதர்களை வேலை செய்யத் தூண்டுவது எது என்று சொல்கிற ஊக்கக் கோட்பாடுகள்தான் மிகப் பெரிய ஏமாற்றம். மாஸ்லோ, ஹெர்ஸ்பெர்க், மெக்ரிகர், வ்ரூம், ஆடம்ஸ் என்று வரிசையாக வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு படம், ஆளுக்கு நான்கு நன்மை, நான்கு குறை, தேர்வில் பத்து மதிப்பெண். உணவும் பாதுகாப்பும் கீழே, மதிப்பும் சாதனையும் மேலே என்று அடுக்கிய மாஸ்லோவின் தேவைக் கோபுரத்தை வெவ்வேறு பாடங்களில் திரும்பத் திரும்ப வரைந்தோம். அவர் 1943-இல் எழுதிய மூலக் கட்டுரையைத் தேடிப் படித்தால் அதில் கோபுரப் படமே கிடையாது. ஒரு தேவை முழுக்க நிறைவேறினால்தான் அடுத்தது தலைதூக்கும் என்று கறாராகவும் அவர் சொல்லவில்லை. சம்பளம் போன்றவை அதிருப்தியைத்தான் தடுக்கும், சாதனை போன்றவைதான் ஊக்கம் தரும் என்ற ஹெர்ஸ்பெர்க்கின் 1959-ஆம் ஆண்டு முடிவுகள் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் எடுத்த பேட்டிகளிலிருந்து வந்தவை. அதை ஆலைத் தொழிலாளிக்கும் செவிலியருக்கும் அப்படியே பொருத்தலாமா என்று கேட்க வேண்டிய இடத்தில், இரண்டு பத்தி அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதில் எதுவும் இன்று என் வேலைக்கு உதவவில்லை.

இந்த வறட்சியில் ஒரே விதிவிலக்கு ஹாதார்ன் ஆய்வுகள். அந்த வகுப்பை நடத்தியவர் வருகைப் பேராசிரியர் ஒருவர். பாடநூல் சொல்கிற கதை எல்லாருக்கும் தெரியும்: சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையில் 1924 முதல் ஆய்வு நடந்தது, வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது, ஆகவே தங்களைக் கவனிக்கிறார்கள் என்பதாலேயே ஆட்கள் நன்றாக வேலை செய்தார்கள். பேராசிரியர் அங்கே நிறுத்தவில்லை. 1927-இல் தொடங்கிய, ரிலே என்ற தொலைபேசி உதிரிபாகத்தைப் பூட்டும் அறைச் சோதனையில் இருந்த சில பெண்களில் இரண்டு பேர் 1928 தொடக்கத்தில் மாற்றப்பட்டார்கள். வேலை நேரத்தில் பேச்சு அதிகம், ஒத்துழைப்பு இல்லை என்பது காரணம். அவர்களுக்குப் பதில் வந்தவர்கள் வேகமாக வேலை செய்பவர்கள். நடுவில் 1929-இன் பொருளாதார வீழ்ச்சி வந்தது, வேலை போய்விடுமோ என்ற பயம் எல்லாருக்கும் இருந்திருக்கும். ஊதியம் கணக்கிடும் முறையும் அந்தச் சின்னக் குழுவுக்கென்று மாற்றப்பட்டிருந்தது. இத்தனையும் சேர்ந்து நடந்த இடத்தில், உற்பத்தி ஏறியது கவனிப்பால் மட்டும்தான் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார்.

அடுத்த வாரம் அதே ஆலையின் இன்னோர் அறைக்குப் போனோம். 1931-32-இல் 14 ஆண்கள் வேலை செய்த, தொலைபேசி நிலையக் கருவிகளுக்கு வயர் பூட்டும் அறை. கூட்டு உற்பத்திக்கு ஏற்பக் கூலி. அதிகம் செய்தால் அதிகம் கிடைக்கும் என்ற நிலையிலும் அவர்களாகவே நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு வைத்துக்கொண்டார்கள். அதைத் தாண்டியவரை மற்றவர்கள் கேலி செய்தார்கள், கையில் குத்தினார்கள். ஏன்? அளவு ஏறினால் கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள், அல்லது ஆட்களைக் குறைப்பார்கள் என்ற அச்சம். அங்கே கவனிப்பு வேலை செய்யவில்லை, பணமும் முழுதாக வேலை செய்யவில்லை. நிர்வாகத்தின் மீது நம்பிக்கை இல்லாத இடத்தில் ஊக்கத்தொகைத் திட்டம் என்ன ஆகும் என்பதை எனக்கு இந்த ஓர் அறை கற்றுக்கொடுத்தது. எங்கள் நிறுவனத்தில் புது ஊக்கத்தொகைத் திட்டம் பேச்சு வந்தபோது நான் முதலில் கேட்டது, “இலக்கை எட்டினால் அடுத்த ஆண்டு இலக்கை ஏற்றுவோமா, ஏற்ற மாட்டோமா? அதை எழுத்தில் கொடுப்போமா?” என்பதுதான்.

முழு மனதோடு பாராட்ட வேண்டிய பாடம், ஆட்தேர்வு. இது ஒன்றுக்காகவே இந்தப் படிப்பைச் சிபாரிசு செய்வேன். முதல் வகுப்பில் எங்களை மூன்று பேர் கொண்ட குழுக்களாக்கி, ஒரே விண்ணப்பதாரரை ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக, இஷ்டப்படி கேள்வி கேட்டு நேர்காணல் செய்யச் சொன்னார்கள். விண்ணப்பதாரராக வந்தவர் மூத்த மாணவர் ஒருவர். ஒரு குழு அவரை உடனே எடுக்கலாம் என்றது, இன்னொன்று கூடவே கூடாது என்றது. எங்கள் குழு அவருடைய பொழுதுபோக்கைப் பற்றிப் பேசியே பாதி நேரத்தைக் கழித்திருந்தது. அடுத்த வகுப்பில் வேலைக்குத் தேவையானவற்றை முதலில் பட்டியலிட்டு, எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் முன்கூட்டியே எழுதி வைத்த மதிப்பெண் அளவுகோல் என்று திரும்பச் செய்தோம். குழுக்களின் மதிப்பெண்கள் நெருங்கி வந்தன.

அதற்குப் பிறகுதான் ஆய்வுகளைக் காட்டினார்கள். அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. உளவியல் ஆய்வாளர்கள் ஷ்மிட், ஹன்ட்டர் இருவரும் 1998-இல் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இப்படி ஒரே கேள்விகளோடு கட்டமைத்த நேர்காணல், ஒருவர் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்வார் என்பதைச் சாதாரண நேர்காணலை விட நன்றாகக் கணித்தது. அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கை மிகக் குறைவாகவே கணித்தது. 2022-இல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் கணக்கைத் திருத்திப் பார்த்தபோது பல எண்கள் இறங்கின, ஆனாலும் கட்டமைத்த நேர்காணல் முன்வரிசைக்கு வந்தது. “குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம்” என்று விளம்பரத்தில் போடச் சொல்கிற மேலாளர்களிடம் நான் இதை எடுத்துச் சொல்வதுண்டு. கேட்பவர்களும் உண்டு, கேட்காதவர்களும் உண்டு.

பாகுபாடு பற்றிய பகுதியும் வெறும் உபதேசமாக இல்லை. பொருளியலாளர்கள் பெர்ட்ராண்ட், முல்லைநாதன் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட சோதனையைப் படித்தோம். பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்குச் சுமார் ஐயாயிரம் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதியில் வேறுபாடு இல்லை, பெயர் மட்டும் வேறு. வெள்ளையர் பெயர்களாகத் தோன்றியவற்றுக்குக் கறுப்பினப் பெயர்களை விட 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. அடுத்து, அமேசான் உருவாக்கிப் பார்த்த விண்ணப்பம் வடிகட்டும் மென்பொருள். பழைய விண்ணப்பங்களைக் கொண்டு பழக்கியதால் அது பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது என்றும், அந்த முயற்சி கைவிடப்பட்டது என்றும் 2018-இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மென்பொருள் விற்க வருகிறவர்கள் “இதில் மனிதத் தலையீடே இல்லை” என்று சொல்லும்போது, எந்தத் தரவில் பழக்கினீர்கள் என்று கேட்க எனக்குக் கற்றுத் தந்தது அந்த வகுப்பு.

ஊதியப் பாடம் பாதி நன்று. நல்ல பாதி, வேலை மதிப்பீட்டுப் பயிற்சி. ஒரு மருத்துவமனையில் சமையலறை உதவியாளர், கிடங்குப் பணியாளர் என்று இரண்டு வேலைகளின் விவரத்தைக் கொடுத்து, திறன், உழைப்பு, பொறுப்பு, வேலைச் சூழல் ஆகிய நான்குக்கும் புள்ளி போடச் சொன்னார்கள். கிடங்கில் எடை தூக்குவதற்கு எல்லாரும் தாராளமாகப் புள்ளி போட்டோம். சமையலறையில் நாள் முழுக்கச் சூட்டில் நிற்பதற்கும், நோயாளிக்கு உணவு மாறிவிடாமல் பார்ப்பதற்கும் கை இறுகியது. கிடங்கு வேலையில் ஆண்களும் சமையலறை வேலையில் பெண்களும் அதிகம் என்று ஆசிரியர் சொன்னதும் வகுப்பில் சத்தமே இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆம் உடன்படிக்கை 1951-லேயே சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்று சொல்லிவிட்டது. ஒரே வேலை என்று சொல்லாமல் சம மதிப்பு என்று ஏன் சொன்னது என்பது அந்தப் புள்ளித்தாளைப் பார்த்தபோது புரிந்தது. மீதிப் பாதியில் சம்பளப் படிநிலைகளின் வகைகளைப் பெயர் பெயராக எழுதினோம்.

பணித்திறன் மதிப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஊழியர்களைக் கட்டாயமாகத் தரவரிசைப்படுத்தும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013-இல் கைவிட்டதும், அடோபி 2012-இல் ஆண்டு அப்ரைசலை விட்டதும் பாடத்தில் வந்தன. அவற்றின் இடத்தில் என்ன வைப்பது என்பதற்கு எந்த வகுப்பும் பிடிமானமாகப் பதில் தரவில்லை.

தொழிலுறவும் தொழிலாளர் சட்டமும் ஒரே செமஸ்டரில் வந்தன. கூட்டுப் பேரத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்கினார்கள். வகுப்பைச் சங்கத் தரப்பு, நிர்வாகத் தரப்பு என்று பிரித்து, இரு பக்கத்துக்கும் நிறுவனத்தின் கணக்குகளைக் கொடுத்தார்கள். நான் சங்கத் தரப்பில் இருந்தேன். மதியம்வரை ஊதிய உயர்வு சதவீதத்திலேயே முட்டிக்கொண்டு நின்றோம். நிர்வாகத் தரப்பில் உட்கார்ந்திருந்த ஒருவர், “இதற்கு மேல் போனால் நஷ்டம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு தோழி ரொக்க ஓட்ட அறிக்கையைப் புரட்டிவிட்டு, “இந்த ஆண்டு கடன் தவணை முடிகிறது. அடுத்த ஆண்டிலிருந்து அந்தப் பணம் கையில் இருக்குமே” என்றாள். உயர்வை இரண்டு கட்டமாகப் பிரித்து, இரண்டாவது கட்டத்தைக் கடன் முடிந்த பிறகு வைத்து ஒப்பந்தம் எழுதினோம். கணக்கியலும் தொழிலுறவும் ஒரே மேசையில் சந்தித்த நாள் அது. இந்தப் படிப்பில் வணிகத்தையும் மனிதவளத்தையும் ஏன் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் அந்தத் தோழியைப் பற்றித்தான் சொல்வேன்.

சட்டப் பாடத்தில் நாட்டுக்கு நாடு விதி மாறும். ஆனால் அடியில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகள் மாறுவதில்லை: சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய 1948-இன் 87-ஆம் உடன்படிக்கை, கூட்டுப் பேரம் பற்றிய 1949-இன் 98-ஆம் உடன்படிக்கை, பணியிட வன்முறையும் தொல்லையும் பற்றிய 2019-இன் 190-ஆம் உடன்படிக்கை. ஒழுங்கு நடவடிக்கையில் இரண்டு கொள்கைகள் பல நாடுகளில் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது, புகார் கொடுத்தவரே நீதிபதியாக உட்காரக் கூடாது. கேட்கும்போது எளிமையாக இருக்கும். கோபத்தில் ஒரு மேலாளர் “இவனை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்” என்று வந்து நிற்கும்போது, அவரிடம் பொறுமையாக “முதலில் புகாரை எழுத்தில் கொடுங்கள் சார், அவருக்கு ஒரு நோட்டீஸ் கொடுப்போம், பதிலைப் பார்ப்போம்” என்று சொல்லும் தைரியம் அந்த வகுப்பிலிருந்து வந்தது.

இனி குறைகள். மூலோபாய மனிதவளம் (நிறுவனத்தின் நீண்டகாலத் திட்டத்தோடு ஆட்களை இணைப்பது) என்ற இறுதியாண்டுப் பாடம் முழுக்கப் பெட்டிகளும் அம்புகளும். 1984-இல் வந்த ஹார்வர்டு மாதிரி, அதே ஆண்டின் மிச்சிகன் மாதிரி, 1997-இல் டேவ் உல்ரிச் எச்.ஆர். பிரிவுக்குச் சொன்ன நான்கு பாத்திரங்கள். ஹார்வர்டு மாதிரி ஊழியர், சங்கம், அரசு, சமூகம் எல்லாரையும் நிறுவனத்தில் அக்கறை உள்ள தரப்புகளாக எண்ணுகிறது, மிச்சிகன் மாதிரி நிறுவனத்தின் மூலோபாயத்துக்கு ஆட்களைப் பொருத்துகிறது. இது எவ்வளவு பெரிய வேறுபாடு! ஆள்குறைப்பு வரும்போது எந்தப் பக்கம் நிற்பாய் என்ற கேள்வி அதில் இருக்கிறது. அந்தக் கேள்வியை வகுப்பில் யாரும் எழுப்பவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் எழுதச் சொன்னார்கள். பன்னாட்டு மனிதவளப் பாடத்தில் நாடுகளின் பண்பாட்டை எண்களாக அளந்த ஆய்வாளர் ஹாஃப்ஸ்டீடின் எண்களை வைத்து ஒவ்வொரு நாட்டு மக்களும் இப்படித்தான் என்று முடிவுகட்டினார்கள். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு அதன் அடித்தளம். ஒரு தேசத்தையே அதைக்கொண்டு அளப்பது சரியா என்று கேட்டவருக்கு, “சிலபஸில் அவ்வளவுதான்” என்ற பதில் கிடைத்தது.

குழு அசைன்மென்டுகளின் மதிப்பீடும் எனக்கு நியாயமாகப் படவில்லை. நான்கு பேர் பெயர், இரண்டு பேர் வேலை, எல்லாருக்கும் ஒரே மதிப்பெண். பங்களிப்பை அளப்பது எப்படி என்று பாடம் நடத்துகிற துறையே தன் மாணவர்களின் பங்களிப்பை அளக்காமல் விட்டது வருத்தமாக இருந்தது. ஒருவரை வேலையை விட்டு அனுப்பும் செய்தியை எப்படிச் சொல்வது, எதிரே உட்கார்ந்திருப்பவர் அழுதால் என்ன செய்வது, விசாரணைக் குறிப்பை எப்படி எழுதுவது, இவையெல்லாம் எந்தப் பாடத்திலும் இல்லை. சம்பள மென்பொருள் ஒன்றையாவது தொட்டுப் பார்க்க வைத்திருக்கலாம். முதல் வேலையில் பெரும்பாலும் நம் கைக்கு வருவது அதுதான்.

இன்டர்ன்ஷிப் கட்டாயம். அதை ஏற்பாடு செய்ததோடு துறை ஒதுங்கிக்கொண்டது. நான் போன இடத்தில் பழைய ஊழியர் கோப்புகளை ஸ்கேன் செய்ய உட்கார வைத்தார்கள். மணிக்கணக்குப் பதிவேட்டில் கையெழுத்து விழுந்ததா என்பதை மட்டும் பல்கலைக்கழகம் பார்த்தது. அந்தக் கோப்புகளில் விலகியவர்கள் நிரப்பிய படிவங்கள் இருந்தன. விலகும் காரணம் என்ற இடத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் “சொந்தக் காரணம்” என்று எழுதியிருந்தார்கள். அதைக் கொண்டு வருடாந்திர அறிக்கையும் தயாராகியிருந்தது. கடைசி நாளில், உடனடி மேலாளர் கையில் கொடுக்க வேண்டிய படிவத்தில் யார் உண்மையை எழுதுவார்கள்? என் இறுதியாண்டு ஆய்வறிக்கையின் தலைப்பு அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அதற்குப் பல்கலைக்கழகத்துக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். வழிகாட்ட ஓர் ஆசிரியர் ஒரு முறை வந்து பார்த்திருந்தால் என்னோடு வந்த மற்றவர்களுக்கும் ஏதாவது கிடைத்திருக்கும்.

இந்தப் படிப்பு யாருக்குப் பொருந்தும்? எண்களைக் கண்டு ஓடாதவர்களுக்கு. இரண்டு தரப்பும் திட்டினாலும் இரண்டு தரப்பையும் கேட்கும் பொறுமை உள்ளவர்களுக்கு. ரகசியம் காப்பவர்களுக்கு. உடன் வேலை செய்கிறவரின் சம்பளமும் நோயும் குடும்பச் சிக்கலும் தெரிந்துகொண்டே அவரோடு சாதாரணமாகப் பேசிப் பழக வேண்டியிருக்கும், அது எல்லாராலும் முடியாது. எல்லாருக்கும் பிடித்தவராக இருக்க ஆசைப்படுகிறவர்கள் இதில் மிகவும் கஷ்டப்படுவார்கள். முன்பே கொஞ்சம் வேலை பார்த்துவிட்டு வந்த இரண்டு மூன்று பேர் என் வகுப்பில் இருந்தார்கள். ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் அவர்களிடம் ஒரு நேரடி அனுபவம் இருந்தது, விவாதங்களில் அவர்களிடமிருந்து நான் நிறையக் கற்றேன். முடிந்தால் அந்த வழியில் வருவது நல்லது. நேராகப் பள்ளியிலிருந்து வந்தாலும் குறை இல்லை, விடுமுறைகளில் எங்காவது ஏதாவது வேலை பாருங்கள்.

சேரும் முன் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். கணக்கியல் ஒரு செமஸ்டரோடு முடிகிறதா, மேலாண்மைக் கணக்கியல்வரை போகிறதா? புள்ளியியலில் உண்மையான தரவைக் கொடுத்து வேலை வாங்குகிறார்களா? தொழிலாளர் சட்டம் கட்டாயமா, விருப்பப்பாடமா? விருப்பப்பாடம் என்றால் அந்த இடத்தைப் பற்றி இரண்டு முறை யோசியுங்கள். இன்டர்ன்ஷிப்பின்போது ஆசிரியர் யாராவது நேரில் வருவாரா என்று கேளுங்கள். தொழில்முறை அமைப்பு ஏதாவது அந்தப் படிப்பை அங்கீகரித்திருக்கிறதா என்பதும் பார்க்கத் தக்கதுதான், ஆனால் அதை மட்டும் நம்பிச் சேராதீர்கள்.

இன்னொன்று, இறுதியாண்டு மாணவர் யாரையாவது பிடித்து முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களை வாங்கிவிடுங்கள். “மாஸ்லோவின் கோட்பாட்டை விளக்குக”, “ஹார்வர்டு மாதிரியைப் படத்துடன் எழுதுக” என்ற கேள்விகளே நிறைந்திருந்தால், அதே கட்டணத்துக்கு வேறு இடம் தேடலாம். ஒரு நிறுவனத்தின் கணக்கையும் பணிவிலகல் தரவையும் கொடுத்து, “யாரை, எப்போது, எந்த ஆதாரத்தில் வேலைக்கு எடுப்பீர்கள்?” என்று கேட்கிற தாள் ஒன்றிரண்டாவது கண்ணில் பட்டால், தயங்காமல் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.